மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி என்பது, மஞ்சள் காய்ச்சல் எனப்படும் தீநுண்ம (வைரசு) நோயிலிருந்து காத்துக்கொள்வதற்காகப் போடப்படும் தடுப்பூசி ஆகும். இது வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள தீநுண்மத்தைக் கொண்டு தயாரிக்கப்படுகிறது. ஆப்பிரிக்கா, நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய பகுதிகளில் ஏறத்தாழ 40 நாடுகளில் இந்நோய் நிலவுகிறது. அந்நாடுகளுக்குச் செல்லும் பயணிகள் புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்னராவது இத்தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு, அதற்கான பன்னாட்டுச் சான்றிதழைப் பெற வேண்டும். பெரும்பாலானோருக்கு ஒரே ஒரு ஊசி வாழ்நாள் முழுவதற்கும் போதுமானது.

ஒரு நாட்டுக்குள் நுழைவதற்கான நிபந்தனையாகத் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்கலாம் என்று பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குவிதிகளில் பெயர் குறிப்பிடப்பட்டுள்ள ஒரே நோய் மஞ்சள் காய்ச்சலே ஆகும். இந்தியாவிலும் இலங்கையிலும் இந்நோய் இல்லை. எனினும் அதைப் பரப்பும் கொசு (நுளம்பு) இவ்விரு நாடுகளிலும் மிகுதியாக உள்ளது. ஆகவே நோய் உள்ள நாடுகளிலிருந்து வருவோரிடம் இந்நாடுகள் சான்றிதழைக் கண்டிப்பாகக் கேட்கின்றன.

பெயரால் ஏற்படும் குழப்பம்

மஞ்சள் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் ஒன்றல்ல. மஞ்சள் காமாலை என்பது தனி நோயன்று. கல்லீரல் பாதிப்பினால் கண்ணும் தோலும் மஞ்சள் நிறம் அடையும் ஓர் அறிகுறியாகும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இதற்குப் பொதுவான காரணங்களுள் ஒன்று, மாசுபட்ட நீராலும் உணவாலும் பரவும் கல்லீரல் அழற்சித் தீநுண்மங்கள் ஆகும். மஞ்சள் காய்ச்சலோ கொசுக்கடியால் பரவும் வேறொரு நோய். அதன் கடுமையான நிலையிலும் காமாலை தோன்றுவதால் இப்பெயர் ஏற்பட்டது.

இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது பயணிகளுக்கு இன்றியமையாதது. ஏ வகை, பி வகைக் கல்லீரல் அழற்சிகளுக்கான தடுப்பூசிகளைப் போட்டுக்கொண்டவருக்கு மஞ்சள் காய்ச்சலிலிருந்து பாதுகாப்புக் கிடைக்காது. அவ்வாறே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கல்லீரல் அழற்சிகளைத் தடுக்காது.

நோயும் பரவும் முறையும்

மஞ்சள் காய்ச்சல் தீநுண்மம், டெங்கு, சிக்கா, சப்பானிய மூளையழற்சி ஆகியவற்றின் தீநுண்மங்கள் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. இது மூன்று சுழற்சிகளில் பரவுகிறது.

1. காட்டுச் சுழற்சி: மழைக்காடுகளில் குரங்குகளுக்கும் மரங்களில் வாழும் கொசுக்களுக்கும் இடையே நிகழ்வது. காட்டுக்குள் செல்லும் மனிதரும் கடிபடுகின்றனர்.
2. இடைநிலைச் சுழற்சி: ஆப்பிரிக்காவின் ஈரப்பதம் மிக்க புல்வெளிப் பகுதிகளில் காட்டையும் ஊரையும் ஒட்டி வாழும் கொசுக்களால் நிகழ்வது.
3. நகரச் சுழற்சி: ஏடிசு எகிப்தி எனும் கொசு வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. பெருங்கொள்ளைநோய்கள் இவ்வகையிலேயே உண்டாகின்றன.

ஏடிசு எகிப்தி, தமிழ்நாட்டில் டெங்குவைப் பரப்பும் அதே கொசுவாகும். வீட்டுத் தொட்டியிலும், பூச்சாடியிலும், தூக்கி எறியப்பட்ட டயரிலும், தேங்காய்ச் சிரட்டையிலும் தேங்கும் நன்னீரில் முட்டையிடும். பெரும்பாலும் பகலில் கடிக்கும். எனவே இரவில் கொசுவலை கட்டிப் படுப்பது மட்டும் இந்நோயைத் தடுக்கப் போதாது.

கொசு கடித்த மூன்று முதல் ஆறு நாட்களில் காய்ச்சல், தலைவலி, முதுகுவலி, தசைவலி, வாந்தி ஆகியவை தோன்றும். பலருக்கு நோய் இத்துடன் மூன்று நான்கு நாட்களில் நீங்கிவிடும். சிலருக்கு மட்டும், குணமானது போன்ற சிறு இடைவெளிக்குப் பின்னர் காய்ச்சல் மீண்டும் வந்து நச்சுநிலை தொடங்கும். அப்போது கல்லீரலும் சிறுநீரகமும் பழுதடையும். காமாலை, குருதிப்போக்கு, கருநிற வாந்தி ஆகியவை காணப்படும். இந்நிலையை அடைவோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் இறந்துவிடுகின்றனர். தீநுண்மத்தை அழிக்கும் தனி மருந்து நடைமுறைச் சிகிச்சையில் இல்லை. நீரிழப்பையும் உறுப்புகளின் செயலிழப்பையும் சமாளிக்கும் ஆதரவுச் சிகிச்சையே தரப்படுகிறது. தடுப்பூசி இவ்வளவு வலியுறுத்தப்படுவதற்குக் காரணம் இதுவே.

வரலாறு

இந்நோய் ஆப்பிரிக்காவில் தோன்றி, அடிமை வணிகக் கப்பல்கள் வழியாக அமெரிக்கக் கண்டங்களை அடைந்தது. 1793-இல் அன்றைய ஐக்கிய அமெரிக்கத் தலைநகரான பிலடெல்பியாவில் பரவிய கொள்ளைநோயில் ஏறத்தாழ 5,000 பேர் இறந்தனர். இது அந்நகர மக்கள்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகும். 1880-களில் பனாமாக் கால்வாயை வெட்ட முயன்ற பிரெஞ்சு நிறுவனம், மஞ்சள் காய்ச்சலாலும் மலேரியாவாலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை இழந்தது. அம்முயற்சி தோல்வியுற்றதற்கு இந்நோய்களும் ஒரு காரணமாகும்.

நோய் கொசுவால் பரவுகிறது என்ற கருத்தை 1881-இல் கியூபா மருத்துவர் கார்லோசு பின்லே முன்வைத்தார். அப்போது பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. 1900-இல் வால்ட்டர் ரீட் தலைமையில் கியூபாவுக்குச் சென்ற அமெரிக்க இராணுவ மருத்துவக் குழு ஆய்வுகள் நடத்தி அதை உறுதிப்படுத்தியது. அக்குழுவைச் சேர்ந்த மருத்துவர் செசி லாசியர், ஆய்வின்போது மஞ்சள் காய்ச்சலுக்கே பலியானார். கொசு ஒழிப்பு முறையாக மேற்கொள்ளப்பட்ட பின்னரே பனாமாக் கால்வாய்ப் பணி நிறைவுற்று, 1914-இல் கால்வாய் திறக்கப்பட்டது.

1927-இல் மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவில், அசிபி என்ற நோயாளியின் குருதியிலிருந்து தீநுண்மம் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் ஏட்ரியன் சிடோக்சும், 1928-இல் இடேயோ நொகுச்சியும் இந்நோயை ஆராயும்போது அதனாலேயே இறந்தனர். நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் பணியாற்றிய தென்னாப்பிரிக்கரான மாக்சு தெய்லர், அசிபியிடமிருந்து பெறப்பட்ட தீநுண்மத்தைக் கோழிக்கருத் திசுக்களில் மீண்டும் மீண்டும் வளர்த்து, நோயை உண்டாக்கும் வலுவை இழந்த 17டி எனும் வகையை உருவாக்கினார். இது 1937-இல் அறிவிக்கப்பட்டது. இதற்காக 1951-ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. இன்று உலகெங்கும் போடப்படும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிகள் அனைத்தும் இந்த 17டி வழிவந்தவையே.

தடுப்பூசியின் வரலாற்றில் ஒரு பெரும் பிழையும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினருக்குப் போடப்பட்ட ஊசிமருந்தில், அதை நிலைப்படுத்துவதற்காக மனிதக் குருதித் தெளியம் (சீரம்) சேர்க்கப்பட்டிருந்தது. அத்தெளியத்தில் பி வகைக் கல்லீரல் அழற்சித் தீநுண்மம் கலந்திருந்ததால், 1942-இல் ஏறத்தாழ 50,000 படையினர் காமாலையுற்றனர். இதன் பின்னர் மனிதத் தெளியம் சேர்ப்பது கைவிடப்பட்டது.

ஆசியாவும் மஞ்சள் காய்ச்சலும்

ஏடிசு எகிப்தி கொசு தெற்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் நிறைந்திருந்தும், இப்பகுதிகளில் மஞ்சள் காய்ச்சல் ஒருபோதும் நிலைகொண்டதில்லை. இதற்குப் பல விளக்கங்கள் கூறப்படுகின்றன. டெங்கு போன்ற உறவுடைய நோய்களால் மக்களிடம் ஓரளவு எதிர்ப்பாற்றல் இருக்கலாம் என்பது ஒன்று. ஆசியக் கொசுக்கள் இத்தீநுண்மத்தைக் கடத்துவதில் திறன் குறைந்தவையாக இருக்கலாம் என்பது மற்றொன்று. நோயுற்றவர்கள் போதிய எண்ணிக்கையில் இங்கு வந்துசேராததே காரணம் என்பாரும் உளர். இவற்றுள் எதுவும் முடிந்த முடிபாக நிறுவப்படவில்லை.

பனாமாக் கால்வாய் திறக்கப்படவிருந்த காலத்திலேயே, கப்பல்கள் வழியே நோய் இந்தியாவை அடையக்கூடும் எனப் பிரித்தானிய இந்தியாவின் மருத்துவ அதிகாரிகள் அஞ்சினர். வானூர்திப் போக்குவரத்து வளர்ந்தபின் இவ்வச்சம் மேலும் கூடியது. கப்பல் பயணம் பல நாட்கள் நீடிப்பதால் நோயாளி வழியிலேயே இனங்காணப்படுவார். வானூர்தியில் வருபவரோ நோயரும்பு காலம் முடியும் முன்னரே ஊர் வந்து சேர்ந்துவிடுவார்.

இவ்வச்சம் வெறும் கற்பனையன்று என்பதை 2016-ஆம் ஆண்டு காட்டியது. 2015-ஆம் ஆண்டு திசம்பரில் அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவில் தொடங்கிய கொள்ளைநோய், கொங்கோ சனநாயகக் குடியரசுக்கும் பரவியது. அங்கோலாவில் பணியாற்றித் தடுப்பூசிப் பாதுகாப்பின்றித் திரும்பிய 11 சீனத் தொழிலாளர்கள் சீனாவில் நோயுடன் கண்டறியப்பட்டனர். ஆசியாவில் உறுதிசெய்யப்பட்ட முதல் மஞ்சள் காய்ச்சல் நோயாளிகள் இவர்களே. அதிலிருந்து உள்ளூர்ப் பரவல் ஏதும் ஏற்படவில்லை. அதே ஆண்டில் தடுப்பூசித் தட்டுப்பாடு ஏற்பட்டதால், கின்சாசா நகரில் முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கு மருந்தை மட்டும் கொண்டு எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு ஊசி போடப்பட்டது. இவ்வாறு குறைத்த அளவில் போடுவது நெருக்கடிக் கால ஏற்பாடு மட்டுமே; பன்னாட்டுச் சான்றிதழ் பெற முழு அளவு ஊசி தேவை.

2016 முதல் 2018 வரை பிரேசிலின் தென்கிழக்கு மாநிலங்களில் 2,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். முன்னர் தடுப்பூசி தேவையற்றவையாகக் கருதப்பட்ட கடலோரப் பகுதிகளுக்கும் அப்போது நோய் எட்டியது. தடுப்பூசி போடாமல் சுற்றுலா சென்ற வெளிநாட்டினர் சிலரும் இறந்தனர்.

தடுப்பூசி

இத்தடுப்பூசி கருவுற்ற கோழி முட்டைகளில் வளர்க்கப்பட்டு, உறைய வைத்து உலர்த்திய தூளாகக் குப்பிகளில் அடைக்கப்படுகிறது. 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் இதைப் பாதுகாக்க வேண்டும். ஊசி போடுவதற்குச் சற்று முன்னர் கரைநீர்மத்தில் கரைக்கப்படும். கரைத்த மருந்தை ஆறு மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். மீதியைக் கொட்டிவிட வேண்டும். பலருக்குப் போதுமான மருந்து ஒரே குப்பியில் இருப்பதால், பல மையங்கள் முன்பதிவு செய்துகொண்டு, குறித்த நாட்களில் பலருக்கு ஒருசேர ஊசி போடுகின்றன. நினைத்த நாளில் சென்று போட்டுக்கொள்ள இயலாமற் போவதற்கு இதுவே காரணம்.

ஊசி பொதுவாக மேற்கையில் தோலுக்கு அடியில் போடப்படுகிறது. பத்து நாட்களுக்குள் நூற்றுக்கு 80 பேருக்கு மேலும், முப்பது நாட்களுக்குள் கிட்டத்தட்ட அனைவருக்கும் எதிர்ப்பாற்றல் உண்டாகிறது. தட்டம்மை போன்றவற்றுக்கான பிற உயிருள்ள தடுப்பூசிகளும் தேவைப்பட்டால், அவற்றை ஒரே நாளில் போட்டுக்கொள்ளலாம். இல்லையேல் நான்கு வார இடைவெளி விடுவது வழக்கம்.

யார் போட்டுக்கொள்ளக் கூடாது

உயிருள்ள தீநுண்மம் உடையதாகையால், இத்தடுப்பூசி எல்லோருக்கும் ஏற்றதன்று. பின்வருவோர்க்கு இது போடப்படுவதில்லை.

- ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகள். (ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுக்குக் கொள்ளைநோய்க் காலத்தில் மட்டுமே ஆராய்ந்து போடப்படும்.)
- கோழிமுட்டை அல்லது தடுப்பூசியின் வேறொரு கூறுக்குக் கடும் ஒவ்வாமை உடையோர்.
- எயிட்சு நோய், புற்றுநோய்ச் சிகிச்சை, உறுப்பு மாற்றம், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் ஆகியவற்றால் எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்தோர்.
- தைமசு சுரப்பி நோயுற்றோர் அல்லது அது அகற்றப்பட்டோர்.

அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனோர், கருவுற்ற பெண்கள், ஒன்பது மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மார் ஆகியோர் விடயத்தில், நோய்த்தொற்றும் வாய்ப்பையும் தடுப்பூசியின் தீங்கையும் ஒப்பிட்டு மருத்துவர் முடிவு செய்வார். ஒருவர் தாம் உட்கொள்ளும் மருந்துகளையும் பழைய நோய்களையும் மறைக்காமல் கூறுவது அவரது உயிர்காக்கும் செயலாகும். மூட்டுவாத நோய்க்காகச் சில மருந்துகளை உட்கொள்வோர், அவை நோயெதிர்ப்பை அடக்கக்கூடியவை என்பதை அறியாமலே இருப்பதுண்டு.

பக்க விளைவுகள்

சிலருக்கு ஊசி போட்ட சில நாட்களில் மெல்லிய காய்ச்சல், தலைவலி, உடல்வலி ஆகியவை தோன்றி மறையும். மிக அரிதாக மூன்று கடுமையான விளைவுகள் ஏற்படுகின்றன: உடனடிக் கடும் ஒவ்வாமை, நரம்பு மண்டல அழற்சி, மற்றும் தடுப்பூசித் தீநுண்மமே உடலெங்கும் பெருகி மஞ்சள் காய்ச்சலை ஒத்த நோயை உண்டாக்கும் உள்ளுறுப்பு நோய். இறுதியாகக் கூறப்பட்டது பெரும்பாலும் முதல்முறை ஊசி போட்டுக்கொள்வோருக்கே ஏற்படுகிறது, உயிரிழப்பிலும் முடிவதுண்டு. இலட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவானோரே இதற்கு ஆளாகின்றனர் எனினும், அறுபது வயதைக் கடந்தோரிடம் இவ்விகிதம் கூடுகிறது. ஆகவே நோய் இல்லாத நாட்டுக்குச் செல்வோர், 'எதற்கும் இருக்கட்டும்' என்று இவ்வூசியைப் போட்டுக்கொள்வது பொருத்தமன்று.

பன்னாட்டுச் சான்றிதழ்

ஊசி போட்டபின், உலக சுகாதார அமைப்பு வகுத்த படிவத்தில் சான்றிதழ் வழங்கப்படும். அரசால் ஏற்பளிக்கப்பட்ட மையங்கள் மட்டுமே இதை வழங்க இயலும். தனியார் மருத்துவரிடம் போட்டுக்கொண்டு அவர் எழுதித்தரும் கடிதம் செல்லாது. சான்றிதழில் கவனிக்க வேண்டியவை:

- பெயரும் பிறந்த நாளும் கடவுச்சீட்டில் உள்ளவாறே இருத்தல் வேண்டும்.
- பயணி தம் கையொப்பத்தை இட வேண்டும். குழந்தைக்காகப் பெற்றோர் கையொப்பமிடலாம்.
- ஊசி போட்ட நாள், மருந்தைத் தயாரித்த நிறுவனம், தொகுதி எண், மருத்துவரின் கையொப்பம், மையத்தின் முத்திரை ஆகியவை இருத்தல் வேண்டும்.
- ஒருவருக்கு ஒரு சான்றிதழ். பெற்றோர் சான்றிதழில் குழந்தையின் பெயரைச் சேர்க்க இயலாது.
- அடித்தல், திருத்தல், அழித்தல் இருப்பின் சான்றிதழ் செல்லாததாகிவிடும்.

பத்து நாள் விதி

ஊசி போட்ட நாளிலிருந்து பத்து நாட்கள் கழித்தே முதற் சான்றிதழ் செல்லுபடியாகும். எடுத்துக்காட்டாக, மே 1 அன்று ஊசி போட்டுக்கொண்டவரின் சான்றிதழ் மே 11 முதல் செல்லும். உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக ஆகும் காலத்தை ஒட்டியே இவ்விதி அமைந்துள்ளது. வேலைக்கான அழைப்பு திடீரென வரும்போது, ஊசி போடாமலே சான்றிதழ் வாங்கித் தருவதாகவோ நாளை முன்தேதியிட்டுத் தருவதாகவோ கூறும் இடைத்தரகர்களை நம்பி ஏமாறுவோர் உண்டு. அத்தகைய தாள் குடியேற்ற அதிகாரியின் கண்ணை மறைத்தாலும் கொசுவின் முன் பயன்படாது.

வாழ்நாள் செல்லுபடி

முன்னர் இச்சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும்; அதன்பின் ஊக்க ஊசி தேவைப்பட்டது. 2014-ஆம் ஆண்டு உலக சுகாதாரப் பேரவை இவ்விதியை மாற்றியது. 2016 சூலை 11 முதல், பழைய சான்றிதழ்கள் உட்பட அனைத்தும் வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகின்றன. எனவே பத்தாண்டு கடந்த சான்றிதழைத் தொலைக்காமல் வைத்திருப்போர் மீண்டும் ஊசி போட வேண்டியதில்லை. கருவுற்ற காலத்தில் ஊசி போட்டுக்கொண்டோர், எதிர்ப்பாற்றல் குறைந்தோர் போன்ற சிலருக்கு மட்டும் மறு ஊசி மருத்துவக் காரணங்களுக்காகப் பரிந்துரைக்கப்படலாம்.

மருத்துவ விலக்கு

உடல்நிலை காரணமாக ஊசி போட இயலாதோருக்கு மருத்துவர் காரணம் குறிப்பிட்டு விலக்குச் சான்று வழங்கலாம். சென்றடையும் நாடு அதைக் கருத்தில் கொள்ளும். எனினும் கண்காணிப்பிலோ தனிமைப்படுத்தலிலோ வைக்க அந்நாட்டிற்கு உரிமை உண்டு. விலக்குச் சான்று வழியைத் திறக்குமேயன்றி நோயைத் தடுக்காது. ஆகவே அத்தகையோர் பயணத்தைத் தவிர்க்க இயலுமா என்று முதலில் எண்ணிப் பார்ப்பது நலம்.

இந்தியாவின் விதிகள்

நோய் உள்ள நாடுகளின் பட்டியலை இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் வெளியிடுகிறது. அப்பட்டியலில் உள்ள நாட்டிலிருந்து புறப்பட்ட ஆறு நாட்களுக்குள் செல்லுபடியாகும் சான்றிதழின்றி இந்தியா வந்து சேர்வோர், ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்கப்படுவர். ஆறு நாள் என்பது நோயரும்பு காலத்தின் மேல் எல்லை ஆகும். இந்தியக் குடிமக்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

பலரும் தவறுவது இவ்விடத்தில்தான். இந்தியாவில் நோய் இல்லாததால், இங்கிருந்து நேரே செல்வோரிடம் கென்யா சான்றிதழ் கேட்பதில்லை, பிரேசிலும் அவ்வாறே. இதனால் ஊசி தேவையில்லை எனக் கருதிச் சென்றுவிட்டுத் திரும்பும்போது, இந்திய வானூர்தி நிலையத்தில் தடுத்து நிறுத்தப்படுவோர் உண்டு. ஒரு நாட்டுக்குள் நுழைய என்ன தேவை என்பதோடு, தாய்நாடு திரும்ப என்ன தேவை என்பதையும் பார்க்க வேண்டும். கானா, உகாண்டா போன்ற சில நாடுகளோ எங்கிருந்து வருவோராயினும் சான்றிதழ் கேட்கின்றன.

இடைமாற்றுப் பயணமும் கருதத்தக்கது. நோய் இல்லாத தென்னாப்பிரிக்காவுக்குச் செல்பவர், நோய் உள்ள நாட்டின் நகரொன்றில் நீண்ட நேரம் தங்கி வானூர்தி மாறினால் அவரிடமும் சான்றிதழ் கேட்கப்படலாம். கப்பல் பணியாளர்கள் எந்தத் துறைமுகத்திற்கு அனுப்பப்படுவர் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகையால் அவர்கள் பணியில் சேரும் முன்னரே ஊசி போட்டுக்கொள்வது வழக்கம்.

சென்னையில் கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையமும், இராசாசி சாலையிலுள்ள துறைமுகச் சுகாதார அலுவலகமும் நெடுங்காலமாக அறியப்பட்ட மையங்கள் ஆகும். ஊசி போடும் நாட்களும் முன்பதிவு முறையும் மாறக்கூடியவை. செல்லுமுன் கேட்டறிய வேண்டும். கடவுச்சீட்டை உடன் கொண்டு செல்லுதல் வேண்டும்.

இலங்கை, சிங்கப்பூர், மலேசியா

இம்மூன்று நாடுகளும் நோய் இல்லாதவை. ஏடிசு கொசு உள்ளவை. எனவே நோய் உள்ள நாடுகளிலிருந்து வருவோரிடம் சான்றிதழ் கேட்கின்றன. இலங்கையில் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலைய வளாகத்தில் இத்தடுப்பூசி போடப்பட்டு வருகிறது.

உடன் கருத வேண்டிய பிற மருந்துகள்

மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குச் செல்வோருக்கு இவ்வொரு ஊசி மட்டும் போதாது. சட்டம் கேட்பது ஒன்று. உடல்நலம் கேட்பது பல.

மலேரியா: வெப்பவலய ஆப்பிரிக்காவில் பயணிகளின் உயிருக்கு மஞ்சள் காய்ச்சலைவிட அடிக்கடி கேடு விளைவிப்பது மலேரியாவே. அங்கு மிகுந்துள்ள பால்சிபாரம் வகை, உரிய காலத்தில் சிகிச்சை பெறாவிடின் சில நாட்களில் உயிரைப் பறிக்கும். ஊரில் மலேரியா வந்து குணமானவர் 'எனக்கு இது பழகியதே' என்று எண்ணுவது தவறு. பயணிகளுக்குப் பொதுவாக மாத்திரைகளே தரப்படுகின்றன:

- அட்டோவாகோன்-புரோகுவானில்: நாள்தோறும்; செல்வதற்கு ஓரிரு நாட்கள் முன்பிருந்து திரும்பிய பின் 7 நாட்கள் வரை.
- டாக்சிசைக்ளின்: நாள்தோறும், ஓரிரு நாட்கள் முன்பிருந்து திரும்பிய பின் 4 வாரங்கள் வரை. கருவுற்றோருக்கும் எட்டு வயதிற்குட்பட்டோருக்கும் தரப்படுவதில்லை. வெயிலில் தோல் எளிதில் கன்றும்.
- மெப்லோகுயின்: வாரம் ஒருமுறை, குறைந்தது இரண்டு வாரம் முன்பிருந்து திரும்பிய பின் 4 வாரங்கள் வரை. வலிப்பு நோயும் மனநோயும் உள்ளோருக்கு ஏற்றதன்று.

குளோரோகுயின் மாத்திரையால் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் பயனில்லை. அங்குள்ள ஒட்டுண்ணி அதனை எதிர்க்கும் வலுப்பெற்றுவிட்டது. நலமாக ஊர் திரும்பிவிட்டோம் என்று மாத்திரையை இடையில் நிறுத்திவிடுவதும் ஆபத்தானது. கல்லீரலில் தங்கியுள்ள ஒட்டுண்ணி அதன் பின்னரே குருதிக்குள் வரக்கூடும். இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார அமைப்பால் அறிவிக்கப்பட்டது. அதன் பின்னர் அங்கு காணப்படும் நோயாளிகள் ஏறத்தாழ அனைவரும் வெளிநாட்டில் தொற்றுப் பெற்றவர்களே என்பது குறிப்பிடத்தக்கது.

பிற தடுப்பூசிகள்: குடற்காய்ச்சல் (டைபாய்டு), ஏ வகைக் கல்லீரல் அழற்சி, ஏற்புவலி, இளம்பிள்ளை வாதம் ஆகியவற்றுக்கான பாதுகாப்பைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். செனகல் முதல் எத்தியோப்பியா வரையான 'மூளையுறை அழற்சி வலயம்' வழியாகச் செல்வோருக்கு மூளையுறை அழற்சித் தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. அச்சுப் பயணிகளுக்குச் சவூதி அரேபியா அதனைக் கட்டாயமாக்கியுள்ளது. விலங்குகளோடு பழகும் பணியில் உள்ளோர் வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் முன்னரே போட்டுக்கொள்ளலாம்.

வழக்கமான மருந்துகள்: நீரிழிவு, குருதி அழுத்தம் போன்றவற்றுக்கு மருந்து உட்கொள்வோர், பயண நாட்களுக்குப் போதுமானவற்றையும் சில நாட்களுக்கு மிகுதியாகவும், மருந்தின் பொதுப்பெயர் குறித்த மருத்துவர் சீட்டுடன், மூல உறையிலேயே எடுத்துச் செல்ல வேண்டும். இன்சுலினைக் கைப்பையில் வைத்தல் வேண்டும். சரக்கறையில் அது உறைந்து கெடக்கூடும்.

பயண முன்னேற்பாட்டின் கால ஒழுங்கு

- புறப்படுவதற்கு 6 வாரம் முன்: செல்லும் நாடுகள், இடைமாற்று நகரங்கள், திரும்பும் வழி ஆகியவற்றைப் பட்டியலிட்டு மருத்துவரைக் காணுதல், மையத்தில் முன்பதிவு செய்தல்.
- 4 வாரம் முன்: மஞ்சள் காய்ச்சல் ஊசியும் பிற தடுப்பூசிகளும்.
- 10 நாள் முன்: மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கான கடைசி எல்லை.
- 2 வாரம் முதல் 1 நாள் முன் வரை: மாத்திரையின் வகைக்கேற்ப மலேரியா மருந்து தொடங்குதல்.
- பயணத்தின்போது: பகலிலும் இரவிலும் கொசுக்கடியைத் தவிர்த்தல்; கொசுவிரட்டி, முழுக்கைச் சட்டை, மருந்தூட்டிய வலை.
- திரும்பிய பின்: மாத்திரையை முடித்தல். காய்ச்சல் வந்தால், எந்நாட்டிலிருந்து எப்போது வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதலில் கூறுதல். மூன்று மாதங்களுக்குள் வரும் காய்ச்சலை மலேரியா அன்று என உறுதிப்படும்வரை மலேரியாவாகவே கருதுதல் வேண்டும்.

இக்கட்டுரை பொது அறிவுக்கானது. ஒவ்வொருவரின் உடல்நிலைக்கும் பயணத்திற்கும் ஏற்ற அறிவுரையை மருத்துவரிடமே பெறுதல் வேண்டும். நாடுகளின் பட்டியலும் விதிகளும் மாறக்கூடியவை ஆதலால், பயணத்திற்கு முன் அவற்றைச் சரிபார்த்துக்கொள்க.

இவற்றையும் பார்க்க

- மஞ்சள் காய்ச்சல்
- ஏடிசு எகிப்தி
- டெங்குக் காய்ச்சல்
- மலேரியா
- தடுப்பூசி
- மாக்சு தெய்லர்
- உலக சுகாதார அமைப்பு